பினாங்கில் ஒரு நாள்: அம்மா, சந்தை, கொட்டைப்பாக்கு

குடமுருட்டி:

எங்கள் மலேசியப் பயணத்தில் பினாங்குத் தீவு பற்றித் தனியாக எழுதச் சொல்லி இங்கே இரண்டு பேர் கேட்டார்கள். எழுதுகிறேன், ஆனால் ‘பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ மாதிரி எதிர்பார்க்காதீர்கள். எங்களுக்கு அங்கே கிடைத்தது ஒரே ஒரு முழுநாள். கூட வந்தது அறுபத்தெட்டு வயது அம்மா, அவளுடைய முழங்கால் வலி. போதாததற்கு அன்று வெள்ளிக்கிழமை.

ஏன் பினாங்கு என்றால், அம்மாவின் அப்பா சின்ன வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போய் அங்கே ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதியவர். ரஜூலா கப்பல் என்று எங்கள் வீட்டில் அடிக்கடி பேச்சு வரும். தாத்தா இருந்த தெரு எது, கடை எது, ஒன்றும் தெரியாது. ஊர் பேர் மட்டும்தான் மிச்சம். மேட்டூர் திறந்து எங்கள் பக்கம் தண்ணீர் வருவதற்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்று தம்பியிடம் வயலை ஒப்படைத்துவிட்டு ஜூன் முதல் வாரம் கிளம்பினோம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் நாலு மணி நேரம். அங்கே சித்தி மகன் வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு, ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து படகு. பறந்தும் போகலாம், பாலத்தின் மேல் பேருந்திலும் போகலாம், ஆனால் தாத்தா கடல் வழியாகத்தானே இறங்கினார், கடைசிக் கால் மணி நேரமாவது அப்படிப் போவோம் என்று எனக்கொரு ஆசை. அம்மா படகில் ஒன்றும் பேசவில்லை, கைப்பையை மடியில் வைத்துக் கரையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு சௌராஸ்தா சந்தை. நாலு தெரு கூடும் இடம் என்று பெயர், நம் ஆட்கள் வைத்த பெயர் என்று கேட்டாலே தெரியும். உள்ளே மீன், கறி, காய்கறி. பினாங்கு ரோடு பக்கம் வரிசையாக உப்பிலும் சர்க்கரையிலும் ஊறப்போட்ட பழக் கடைகள். மாங்காய், நெல்லி, அப்புறம் சாதிக்காய். நாம் சாதிக்காய் என்றால் கொட்டையை மட்டும்தான் பார்த்திருக்கிறோம், குழந்தைக்கு உரசிக் கொடுக்க. இங்கே கொட்டையைச் சுற்றியிருக்கும் சதையைச் சீவி ஊறுகாய் போடுகிறார்கள், காயவைத்துச் சர்க்கரையில் புரட்டுகிறார்கள், பிழிந்து பானமாகவும் விற்கிறார்கள். வாயில் போட்டால் முதலில் இனிப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் மூக்கு வரைக்கும் ஒரு காரம். அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு, “சோம்புக் கஷாயத்துக்கு அண்ணன் மாதிரி இருக்கு” என்றாள். கடைக்காரச் சீனக் கிழவிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு மலாய் தெரியாது, ஆனால் இரண்டு பேரும் விரலைக் காட்டியும் தலையை ஆட்டியும் கால் மணி நேரம் பேசினார்கள். நான் நடுவில் போய் ஆங்கிலத்தில் உதவப் போனது இருவருக்குமே பிடிக்கவில்லை.

பக்கத்துக் கடையில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். தட்டியில் எட்டு ரிங்கிட் என்று பெரிதாக எழுதியிருந்தது, நான் ஒரு கிலோ விலை என்று நினைத்து அரைக் கிலோ போடச் சொல்லிவிட்டேன். பில் வந்தது நாற்பது ரிங்கிட். கீழே பொடி எழுத்தில் 100 கிராம் என்று இருந்திருக்கிறது. நாங்கள் போனபோது ஒரு ரிங்கிட் இருபது ரூபாய் சொச்சம், அதாவது எண்ணூறு ரூபாய்க்கு உலர்ந்த சாதிக்காய்த் தோல். கடைக்காரர் மேல் தப்பில்லை, கட்டிவிட்டார், வாங்கிவிட்டேன். போகிறவர்கள் தட்டியில் கீழ் வரியைப் படித்துவிட்டு வாயைத் திறங்கள்.

மாடியில் பழைய புத்தகக் கடைகள். அங்கே ஏறவே வேண்டாம் என்றுதான் இருந்தேன், அம்மா படியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். தமிழ் ஒன்றும் கையில் சிக்கவில்லை.

பத்து மணிக்கு லிட்டில் இந்தியா. அம்மா வெற்றிலை போடுபவள். பச்சை இலை தழை எதுவும் விமானத்தில் கொண்டுவரக் கூடாது என்று நான் திருச்சியிலேயே பையைச் சோதித்து எடுத்துவிட்டதால் நாலு நாளாக என்மேல் கோபம். மலாயில் பினாங் என்றால் பாக்கு, புலாவ் பினாங் என்றால் பாக்குத் தீவு என்று சித்தி மகன் சொல்லி வைத்திருந்தான். “பாக்குத் தீவுக்கு வந்து வெறும் வாயை மெல்லுகிறேன்” என்று காலையிலிருந்து புலம்பல். பூக்கடை ஒன்றில் வெற்றிலை கிடைத்தது. இலையைத் திருப்பி நரம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “முற்றல், நம்ம ஊர்க் கொழுந்து மாதிரி வராது, சரி கொடு” என்று வாங்கினாள். கொட்டைப்பாக்கு கால் கிலோ. பினாங்கில் அம்மா சிரித்தது அப்போதுதான்.

குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833இல் கட்டியது, வாசலில் மாலை கட்டும் பெண்கள், உள்ளே நம் ஊர்க் கோயில் வாடை. அங்கிருந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் நடந்து போகிற தூரம். ஆனால் வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், வெளியார் உள்ளே போகும் நேரமில்லை. வாசலில் நின்று பார்த்தோம். கிழமை பார்த்து வந்திருக்க வேண்டும், என் தப்பு. அப்படியே சூலியா தெரு முனையில் நாகூர் தர்கா. அளவில் சின்னது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் நின்றாள்.

மதியம் வாழையிலைச் சாப்பாடு (வெள்ளிக்கிழமை, அம்மா கவுச்சி தொடமாட்டாள், அதனால் பினாங்கின் பேர்பெற்ற கறிக்குழம்புச் சோறு, நாசி காண்டார், போச்சு). பிறகு செண்டோல்: பச்சை அரிசிமாவு இழை, தேங்காய்ப்பால், பனைச் சர்க்கரைப் பாகு, மேலே பொடித்த ஐஸ். மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு மேல் கிராப் செயலியில் கூப்பிட்ட வாடகை வண்டியில் பினாங்கு மலை. ரயிலில் ஏற்றிவிடுகிறார்கள், படியேற வேண்டாம், முழங்காலுக்கு அதுதான் வசதி. மேலே 833 மீட்டர், குளிர்காற்று, மேகம் வந்து மூடிவிட்டதால் ஊர் தெரிந்தது மொத்தமே ஐந்து நிமிடம். அங்கேயும் ஒரு முருகன் கோயில். இறங்கி, இருட்டுவதற்குள் சூ ஜெட்டி, கடலுக்குள் கால் நட்டுக் கட்டிய சீனர் வீடுகள். நிலத்தில் இல்லாததால் நிலவரி கட்டாத வீடுகள் என்று சொல்வார்கள். அம்மா பலகையை மிதித்துப் பார்த்து, “தீர்வை இல்லைன்னா நம்ம வீட்டையும் வாய்க்கால் மேல கட்டியிருக்கலாம்” என்றாள்.

அவ்வளவுதான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அரசலாறு:

கோபித்துக்கொள்ள வேண்டாம் அக்கா, எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் கேட்கத்தான் தோன்றுகிறது. பாஸ்போர்ட் எடுத்து, விமானம் ஏறி, ரயில் ஏறி, படகு ஏறிப் போய் நீங்கள் பார்த்தது என்ன? மாரியம்மன் கோயில், நாகூர் தர்கா, முருகன் கோயில், வாழையிலைச் சாப்பாடு, வெற்றிலை பாக்கு. இதையெல்லாம் கும்பகோணத்திலிருந்து ஒரு நாள் வண்டி எடுத்தால் நானே சுற்றிக் காட்டியிருப்பேனே. வெற்றிலைக்கு எங்களுக்குப் புவிசார் குறியீடே கிடைத்தாயிற்று, அதை விட்டுவிட்டு அங்கே போய் முற்றல் வாங்கியிருக்கிறீர்கள்.

வெளிநாடு போனால் வெளிநாட்டைப் பார்க்க வேண்டாமா? கெக் லோக் சி புத்தர் கோயில் போகவில்லை. கருணைத் தெய்வம் குவான்யினுக்கு முப்பது மீட்டர் உயர வெண்கலச் சிலை அங்கே. ஆர்மீனியன் தெருச் சுவரோவியங்கள், 2012இல் வரைந்தது, சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகள், உலகமே வந்து படம் எடுத்துக்கொள்கிறது, அதுவும் இல்லை. நான் 2019இல் போனபோது லிட்டில் இந்தியா பக்கமே திரும்பவில்லை. சாம்பார் வாடை அடித்ததும் அடுத்த தெருவில் நுழைந்துவிட்டேன்.

கிள்ளான் மாப்பிள்ளை:

சாம்பார் வாடைக்குப் பயந்து ஓடின கும்பகோணத்துக்காரரை இப்போதுதான் பார்க்கிறேன் :)

நான் மன்னார்குடிப் பக்கம், பதினோரு வருஷமாக இங்கே கிள்ளானில் வேலை. ஊரிலிருந்து யார் வந்தாலும் பினாங்குக்கு அழைத்துப் போவது என் தலையெழுத்து. அனுபவத்தில் சொல்கிறேன், அம்மா அப்பாவோடு வந்தால் அக்கா போன வழிதான் சரி. சுவரோவியம் பார்க்க வெயிலில் வரிசையில் நிற்கவைத்தால் என் மாமனார் மாதிரி “இதுக்காடா கூட்டிட்டு வந்தே” என்பார்கள்.

சில விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். பினாங்கின் நகரமான ஜார்ஜ் டவுனுக்குள் சுற்றிவர இலவசப் பேருந்து உண்டு. காசு கொடுத்து ஏறும் 204 மலையடிவாரம் வரை போகும். கெக் லோக் சி அதே வழியில் ஆயர் ஈத்தாமில்தான் இருக்கிறது, மலைக்குப் போகிறவர்கள் ஒரே நடையில் இரண்டையும் முடிக்கலாம். ஆனால் அங்கே படிகள் அதிகம், முழங்கால்காரர்கள் யோசிக்கவும்.

இன்னொன்று முக்கியம். பள்ளிவாசல் பெயரில் இருக்கும் ‘கிளிங்’ என்ற சொல் அந்தக் காலத்தில் கலிங்கம் வழியாக வந்தது, தென்னிந்தியர் என்று பொருள், 1801இல் பள்ளிவாசல் எழுந்தபோது அதில் குறையில்லை. இன்றைக்கு இங்குள்ள தமிழரை யாராவது அப்படிக் கூப்பிட்டால் அது வசவு. ஊரிலிருந்து வருகிறவர்கள் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு விளையாட்டாகச் சொல்லிவிடாதீர்கள்.

நாசி காண்டாரை விட்டது பெரிய நஷ்டம், அதையும் சொல்லிவிடுகிறேன். நம் ராவுத்தர், மரைக்காயர் வீட்டு ஆட்கள் தோளில் காவடித் தடி போட்டு இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளுக்கு விற்றது, காண்டார் என்பது அந்தத் தடிதான். கடையில் ‘பஞ்சிர்’ என்று சொன்னால் எல்லாக் குழம்பையும் சோறு முழுகும்படி ஊற்றுவார்கள். பஞ்சிர் என்றால் வெள்ளம். நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம், வருஷாவருஷம் பார்ப்பதுதானே.

நாகூர்க்காரன்:

அரசலாறு அண்ணே, நாகூரைப் பார்த்ததும் பினாங்கு நாகூரைப் பார்த்ததும் ஒன்றா? எங்கள் ஊரில் ஐந்து மினாரா, பெரியது 131 அடி, தஞ்சாவூர் ராஜா பிரதாப்சிங் கட்டிக் கொடுத்தது. பினாங்கில் இருப்பது அதன் நினைவாக நம் ஆட்கள் எழுப்பியது. அங்கே அடக்கத்தலம் கிடையாது, எஜமான் நாகூர் ஆண்டவர் இருப்பது இங்கேதான். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலும் இதே மாதிரி ஒன்று, 1828இல் தொடங்கிக் கட்டியது. கடலில் போகிறவன் கரையேறியதும் முதலில் நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று கட்டியது. அதனால்தான் இரண்டுமே பழைய கடற்கரையை ஒட்டி. அதைப் போய்ப் பார்க்கிறவர் ஊரைத் திரும்பப் பார்க்கவில்லை, ஊரிலிருந்து போனவனைப் பார்க்கிறார்.

அக்கா, உங்கள் தாத்தா போன ரஜூலாவில்தான் எங்கள் வாப்பாவின் அண்ணனும் போனார். மதராசில் கிளம்பி நாகையில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, அப்புறம் சிங்கப்பூர். நாகையில் கப்பல் கரைக்கு வராது, ஆழமில்லை. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். அலை அடிக்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணி பிடிப்பதைப் பெரியப்பா நடித்தே காட்டுவார். அறுபது கிலோ வெங்காய மூட்டையோடு ஒருத்தர் ஏறினார் என்பார், அது மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னது என்று நினைக்கிறேன். கடைசியாக அந்த வழியில் ஓடியது எம்.வி. சிதம்பரம். 1985இல் அதில் தீப்பிடித்ததோடு எல்லாம் முடிந்தது.

குடமுருட்டி:

நாகூர்க்கார பாய், இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். படகில் போய்த்தான் ஏறணும் என்று அவளுடைய அப்பாவும் சொல்வாராம், இத்தனை நாள் எங்களிடம் சொன்னதே இல்லை. நன்றி.

அரசலாறு, நீங்கள் சொல்வதில் பாதி நியாயம். நான் தனியாகப் போயிருந்தால் நீங்கள் போன வழியில்தான் போயிருப்பேன், அந்தச் சுவரோவியத் தெருவில் பாதி நாளைக் கழித்திருப்பேன். ஆனால் ஒன்று. அங்கே பார்த்த தமிழ் இங்கே பார்க்கிற தமிழ் இல்லை. வெற்றிலை விற்ற பெண் எங்களிடம் தமிழ், பக்கத்துக் கடை ஆளிடம் ஹொக்கியன் சீனம், போலீஸ்காரரிடம் மலாய், மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றுகிறாள். “எந்த ஊர் பாட்டி?” என்றாள். அம்மா தஞ்சாவூர் என்றதும், “அது எங்க இருக்கு, மெட்ராஸ் பக்கமா?” என்று கேட்டாள். நாலு தலைமுறையாக அங்கே இருக்கிறார்களாம். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தஞ்சாவூர் தெரியாத தமிழச்சியை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. இதைவிட வெளிநாடு என்ன வேண்டும்?

அப்புறம் தெருவெல்லாம் ‘கெடாய்’ என்று பலகை. கடைதான், மலாயில் அப்படி. கப்பல் அங்கே காப்பால், பெட்டி பெத்தி, கட்டில் காத்தில், வியாபாரத்தில் போடும் முதல் மொடால். தங்கும் அறையில் அம்மா கட்டிலைக் காட்டி “காத்தில்” என்றாள், சுத்தம் செய்ய வந்த பெண் சிரித்துவிட்டு உடனே இன்னொரு தலையணை கொண்டுவந்தாள்.

ஓடம்போக்கி:

யாருமே கடாரத்தைப் பற்றிப் பேசவில்லையே! பினாங்குக்கு வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் கெடா, மெர்போக் என்ற இடத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம், பக்கத்திலேயே மறுபடி எடுத்துக் கட்டிய புக்கிட் பத்து பகாட் கோயில் அடித்தளம். ராஜேந்திர சோழன் 1025இல் கப்பற்படை அனுப்பிய கடாரம் அந்தப் பகுதிதான். அதற்கு முன்னால் அவன் அப்பா ராஜராஜன் காலத்தில் அதே கடாரத்து அரசன்தான் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியைக் கட்டினான், அதற்கு நம் ஆனைமங்கலம் ஊரின் வருமானத்தை எழுதிக் கொடுத்தார்கள், செப்பேடு இருக்கிறது. நான் கீழ்வேளூர்க்காரன், ஆனைமங்கலம் எனக்கு சைக்கிள் தூரம். சோழ மண்டலத்திலிருந்து போகிறவர்கள் சாதிக்காய் ஊறுகாய்க்காக அரை நாளைச் செலவழித்துவிட்டு, கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடாரத்தைப் பார்க்காமல் வருவது எனக்கு ஜீரணமாகவில்லை. அருங்காட்சியகத்தில்

(கைதவறி அனுப்பிவிட்டேன், தொடர்கிறேன்) அருங்காட்சியகத்தில் கிடைத்த சிலைகளையும் கல் உறுப்புகளையும் வைத்திருக்கிறார்கள். பெரிய கோபுரம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். அடித்தளமும் தூண் நிற்க வைத்த கல் பீடங்களும்தான், மேலே மரக்கட்டுமானமாக இருந்திருக்கும் என்பார்கள்.

அரசலாறு:

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொன்ன கதையாக இருக்கிறது. கேள்வி ஒரு நாள் சந்தை. ஓடம்போக்கி போர்க்கப்பலே கொண்டுவந்துவிட்டார்.

ஓடம்போக்கி:

இந்த இழையில் கொட்டைப்பாக்கு வாங்கியது நான் இல்லை ஐயா.

பேராவூரணித் தென்னை:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு நிஜமாகவே உதவி வேண்டும். அடுத்த மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு போகிறேன், எழுபத்திரண்டு வயது, சர்க்கரை உண்டு. காபி இல்லாமல் காலையில் அவரை எழுப்ப முடியாது. டுரியான் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். விசா வேண்டுமா? சந்தையில் பேரம் பேசலாமா?

குடமுருட்டி:

விசா இப்போதைக்கு வேண்டாம், 2023 டிசம்பரிலிருந்து நமக்கு முப்பது நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறார்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை அரசுத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டை ஒன்று நிரப்ப வேண்டும், அது இலவசம். காசு கேட்கும் தளத்தில் நிரப்பினால் ஏமாந்தீர்கள். அங்கே மூன்று சதுரக் காலுள்ள பிளக், நம் சார்ஜர் நுழையாது, மாற்றி ஒன்று எடுத்துப் போங்கள்.

பேரம்: விலை எழுதி ஒட்டியிருக்கும் கடையில் பேசாதீர்கள். துணி, பொம்மை, பை விற்கும் தெருக்கடையில் பேசலாம், ஆனால் நம் ஊர் மாதிரி பாதியில் ஆரம்பித்தால் முகம் சுருங்குகிறது. அம்மா ஒரு கைப்பைக்கு அப்படி ஆரம்பித்தாள். கடைக்காரர் பையை வாங்கி மறுபடி கொக்கியில் மாட்டிவிட்டார். பிறகு நான் போய்ச் சொன்ன விலைக்கே வாங்கிவந்தேன், அம்மாவிடம் குறைத்து வாங்கியதாகச் சொல்லியிருக்கிறேன், இங்கே படிக்கிற யாரும் அவளிடம் போட்டுக் கொடுக்க வேண்டாம்.

கிள்ளான் மாப்பிள்ளை:

காபிக்கு நான் சொல்கிறேன். கோப்பி என்றால் கட்டிப்பால் ஊற்றிய இனிப்பு, அப்பாவுக்கு ஆகவே ஆகாது. கோப்பி ஓ என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. ‘கோப்பி ஓ கோசோங்’ என்று சொல்லுங்கள், கோசோங் என்றால் சுழியம், இரண்டும் இருக்காது. டிகிரி காபி குடித்த நாக்குக்கு முதல் நாள் கஷாயமாகத்தான் இருக்கும். பேசாமல் ஊரிலிருந்து காபிப்பொடியும் சின்ன பில்டரும் கொண்டுவரச் சொல்லுங்கள், என் மாமனார் அப்படித்தான்.

டுரியான் ஜூன், ஜூலையில் நன்றாகக் கிடைக்கும். பலாச்சுளையும் வெண்ணெயும் வெங்காயமும் சேர்ந்த மாதிரி, பிடித்தவனுக்கு அமிர்தம், பிடிக்காதவனுக்கு அந்தத் தெருவே ஆகாது. கடையில் உட்கார்ந்தே தின்றுவிடுங்கள், தங்கும் அறைக்குள் கொண்டுபோனால் பெரும்பாலும் அபராதம். சர்க்கரைக்காரர் ஒரு சுளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது, நிறுத்தமாட்டார் என்பதும் தெரியும்.

அரசலாறு:

சரி, நானும் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். 2019இல் நான் எடுத்த படங்களை இந்த இழைக்காகத் தேடிப் பார்த்தேன். சைக்கிள் ஓவியத்துக்குப் பக்கத்தில் நான் நிற்கும் படம் பதினாறு இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவர் முகம்கூட அதில் இல்லை.

ஆனாலும் கெக் லோக் சியை விட்டது தப்புதான், அதை விடமாட்டேன்.

குடமுருட்டி:

விடாதீர்கள் :) அடுத்த முறை படியேறுகிறேன். ஓடம்போக்கிக்காகக் கடாரமும் போகிறேன், காருக்கு அவர் பணம் அனுப்பட்டும்.

யாரோ தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள், அந்த எண்ணூறு ரூபாய்ச் சாதிக்காய் என்ன ஆயிற்று என்று. தெருவில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தோம். எதிர்வீட்டுப் பெரியம்மா மட்டும் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று வந்தார்கள், மற்றவர்கள் மரியாதைக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். கொட்டைப்பாக்கை அம்மா யாருக்கும் தரவில்லை. வெல்லப் பானைக்குப் பின்னால் ஒரு டப்பாவில் இருக்கிறது. தினமும் மதியம் ஒன்றை எடுத்துப் பாக்குவெட்டியில் துளி சீவி, “பினாங்குப் பாக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் போடுகிறாள். கால் கிலோ என்பதால் தீபாவளி வரைக்கும் வரும் என்று நினைக்கிறேன்.

பேராவூரணித் தென்னை:

அக்கா, நான் போகும்போது அம்மாவுக்கு இன்னும் அரைக் கிலோ வாங்கி வரவா?

குடமுருட்டி:

வாங்கி வாருங்கள் தம்பி. 100 கிராம் விலையா கிலோ விலையா என்று பார்த்து வாங்குங்கள்.